பூசை முடிந்த பிறகு: விசுவாச வாழ்க்கை பற்றிக் கடையில் கேட்ட கேள்விகள்

புதுச்சேரி நெல்லித்தோப்பில் எனக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. நாங்கள் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பூசைக்கு (திருப்பலிக்கு) அப்புறம் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த வட்டாரத்தில், மறைக்கல்வி வகுப்பும் எடுக்கிறேன். சாமியாரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இங்கே வருவார்கள். அரைக் கிலோ துவரம்பருப்பு என்று சொல்லிவிட்டு, நான் எடை போட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பிப்பார்கள். கடலூரிலிருந்து வரும் உறவுக்காரர்களும் கேட்பதுண்டு. புதுவையும் கடலூரும் அரசாங்கக் கணக்கில் வேறு வேறு. கோவில் கணக்கில் 1953 முதல் இரண்டு பெயரையும் சேர்த்து, ஒரே பேராயரின் கீழ் ஒரே உயர் மறைமாவட்டம்.

திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் இறையியல் படித்தவன் அல்ல. நான் சொல்வதும் உங்கள் பங்குத்தந்தை சொல்வதும் வேறுபட்டால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் செபம் செய்வது என்று ஆரம்பிக்கிறேன். பத்து நாள்கூட தாங்குவதில்லை. என்ன செய்வது?

எப்படி ஆரம்பித்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். காலை நாலரைக்கு எழுந்து, ஒரு மணி நேரம் பைபிள், ஐம்பத்துமூன்று மணி செபமாலை, அப்புறம் ஒரு புகழ்மாலை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்து முதல் புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிய வேகத்தில் எடுக்கிற முடிவு இது. இரண்டாவது வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஒரு நாள் தவறும். தவறிய வெட்கத்தில் மறுநாளும் போகாது. அதோடு அடுத்த தவக்காலம்தான்.

என் அனுபவத்தில், விட்டுப்போன நாளைவிட மறுநாள்தான் முக்கியம். நீதிமான் ஏழு தடவை விழுந்தாலும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகளில் வருகிறது. நீதிமானே விழுகிறான் என்பதை அந்த வரியில் யாரும் கவனிப்பதில்லை.

சின்னதாக ஆரம்பியுங்கள். ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையோடு அதை முடிந்துவிடுங்கள். நான் காலையில் ஷட்டரின் பூட்டைத் திறந்து, அதைத் தூக்குவதற்கு முன், இயேசு கற்றுத்தந்த பரலோக மந்திரத்தை ஒரு முறை சொல்வேன். கடை திறக்காத நாள் கிடையாது என்பதால் அந்தச் செபமும் தவறுவதில்லை. நம் முன்னோர் கண்ட வழியும் இதுதான். காலை, மதியம், மாலை என்று கோவில் மணி அடித்ததும் இருந்த இடத்திலேயே நின்று மூவேளைச் செபம் சொன்னார்கள். அதற்காக யாரும் தனியாக நேரம் ஒதுக்கவில்லை. மணி ஞாபகப்படுத்தியது, வாய் சொன்னது.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் லாரன்ஸ் என்ற துறவி இருந்தார். குருப்பட்டம் பெறாத சகோதரர். பல வருடங்கள் மடத்துச் சமையலறையில்தான் வேலை. சட்டி பானைச் சத்தத்துக்கு நடுவிலும், சிற்றாலயத்தில் முழந்தாளிட்டிருப்பதுபோலவே ஆண்டவரோடு இருக்கப் பழகியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கடைக்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

செபமாலை சொல்லும்போது மனம் எங்கெங்கோ ஓடுகிறதே?

எனக்கும்தான். மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது எண்ணெய் டின் விலை வந்துவிடும். இழுத்துக்கொண்டு வந்து விட்ட மணியிலிருந்து தொடருங்கள்.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. ஞாயிறு காலைப் பூசைக்குப் போக முடிவதில்லை. பாவமா?

கடலூர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது. ஜிப்மர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்சுகளும் கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை நடக்கும் பூசையில் கலந்துகொண்டாலும் ஞாயிற்றுக் கடமை நிறைவேறிவிடும். திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் பங்கில் சனிக்கிழமைப் பூசை இல்லை என்றால் பக்கத்துப் பங்கில் விசாரியுங்கள். ஞாயிறு மாலைப் பூசையும் இருக்கும். அதற்கும் வழியில்லாமல் ஷிஃப்ட் மாட்டிக்கொண்டால், அதைத் தகுந்த காரணமாகவே திருச்சபை எடுத்துக்கொள்கிறது. நோயாளிக்கு ஊசி போட வேண்டியவர் வார்டை விட்டுவிட்டுப் பூசைக்கு வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும். "முடியவில்லை" என்பது சில மாதங்களில் "பழக்கமில்லை" ஆகிவிடும். சத்தமே போடாமல் நடக்கிற மாற்றம் அது. விடுமுறை ஞாயிறு வரும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

விடாமல் செபித்தால் கேட்டது கிடைத்தே தீருமா? விதவையின் உவமையில் அப்படித்தானே இருக்கிறது?

லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரம். கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதிக்காத ஒரு நடுவர், அதாவது நீதிபதி. தனக்கு நியாயம் கேட்டு ஒரு விதவை அவரிடம் நடையாய் நடக்கிறாள். கடைசியில் தொல்லை தாங்காமல் நியாயம் வழங்குகிறார். தாலுகா ஆபீசுக்கு ஒரு சான்றிதழுக்காக அலைந்தவர்களுக்கு இந்தக் கதைக்கு உரை எழுதித் தர வேண்டியதில்லை.

ஆனால் கடவுளை அந்த நடுவராக வைத்துப் படிக்கிறோம். இயேசு சொன்னது நேர் எதிர்: இப்படிப்பட்ட ஆளே அசைந்துகொடுக்கிறான் என்றால் உங்கள் தந்தை எவ்வளவு சீக்கிரம் கேட்பார்! அந்த விதவை கேட்டது என்ன என்பதையும் பாருங்கள். நியாயம். லாட்டரிச் சீட்டு விழ வேண்டும் என்று அவள் நடக்கவில்லை.

கேட்டது கேட்டபடி கிடைக்காத கதைகளும் அதே பைபிளில்தான் இருக்கின்றன. திருத்தூதர் பவுல் தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை வேண்டினார். எடுக்கப்படவில்லை, அருள் போதும் என்று பதில் வந்தது. துன்பக் கிண்ணம் தன்னை விட்டு அகல வேண்டும் என்று கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே மூன்று முறை வேண்டினார். கிண்ணம் அகலவில்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து செபமாலை சொன்னோம். கடைக்குள் தண்ணீர் வரக் கூடாது என்பதுதான் வேண்டுதல். வந்தது. கீழ் வரிசையில் இருந்த அரிசி மூட்டைகள் ஊறிப்போயின. பொட்டுக்கடலை, ரவை எல்லாம் கூழ். எதிர் வீட்டில் சபரிமலைக்கு மாலை போட்டிருந்த தம்பி இடுப்பளவுத் தண்ணீரில் வந்து, மேல் தட்டுக்கு ஏற்ற முடிந்ததை எல்லாம் ஏற்றிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர் பக்கத்து ஊர்கள் மூழ்கின. அங்கே இழந்தவர்களுக்கு முன்னால் என் அரிசி மூட்டைக் கணக்கைப் பேசவே கூச்சமாக இருந்தது.

என் செபம் கேட்கப்பட்டதா? எனக்குத் தெளிவான பதில் இல்லை. அந்தத் தம்பியை நான் வேண்டிக் கேட்கவே இல்லை, ஆனால் வந்தார். அதற்கு மேல் விளக்கம் சொன்னால் நான் கதை கட்டுகிறேன் என்று அர்த்தம்.

கணவர் கோவிலுக்கு வருவதே இல்லை. விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கலாமா?

சொல்லிக்கொண்டே இருப்பதை அவர் பக்கத்திலிருந்து நச்சரிப்பு என்று சொல்வார்கள். இதற்குப் புனித மோனிக்காவை விட்டால் வேறு ஆள் இல்லை. பின்னாளில் புனிதரான மகன் அகுஸ்தினாருக்காகப் பல வருடங்கள் அழுதவர். ஒரு ஆயரிடம் போய், என் மகனிடம் நீங்கள் பேசுங்கள் என்று கெஞ்சினார். அவர் மறுத்துவிட்டார்: இப்போது பேசினால் ஏறாது, அவனை விடுங்கள், அவனுக்காக ஆண்டவரிடம் பேசுங்கள். மோனிக்கா விடாமல் கெஞ்சவும், இவ்வளவு கண்ணீருக்குச் சொந்தமான மகன் கெட்டுப்போக மாட்டான் என்று சொல்லி அனுப்பிவைத்தார். 387இல் மிலான் நகரில் அகுஸ்தினார் ஞானஸ்நானம் பெற்றார். மோனிக்காவின் கணவரும் முன்கோபக்காரர்தான். அவர் மனம் மாறியதும் சாவுக்குக் கொஞ்சம் முன்னால்.

ஆகவே அக்கா, அவரிடம் சொல்வதைக் குறையுங்கள், ஆண்டவரிடம் சொல்வதைக் கூட்டுங்கள். ஞாயிறு பூசை முடிந்து சிடுசிடுவென்று வீட்டுக்குள் நுழைந்தால், கோவிலுக்குப் போய் என்ன கண்டாய் என்று அவர் நினைக்கத்தான் செய்வார். அடி உதை, குடிபோதையில் தகராறு என்பதெல்லாம் வேறு. அதைப் பொறுத்துக்கொள்வதற்குப் பெயர் விசுவாசம் அல்ல. பெற்றோரிடமோ, பங்குத்தந்தையிடமோ, தேவைப்பட்டால் போலீசிடமோ போங்கள்.

மதுக்கடையில் கணக்கு எழுதும் வேலை. விட்டுவிட வேண்டுமா?

நம் ஊருக்கென்றே உள்ள கேள்வி. புதுச்சேரியில் வரி குறைவு, சரக்கு மலிவு. கடலூர்க்காரர்கள் கன்னியக்கோவில் தாண்டி வந்து குடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்தத் தொழிலை நம்பி எத்தனையோ குடும்பங்கள். அதில் நம் பங்குக் குடும்பங்களும் உண்டு.

முதலில், திராட்சை ரசத்தைத் திருச்சபை பாவம் என்று சொல்லவில்லை. பூசையிலேயே அதுதான் பயன்படுகிறது. சிக்கல் மலிவுச் சரக்கிலும் அது குடும்பத்தைத் தின்பதிலும் இருக்கிறது. கேட்டவருக்கு இரண்டு பிள்ளைகள், பத்தொன்பதாயிரம் சம்பளம். நாளைக்கே விடுங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம். பள்ளிக் கட்டணம் கட்டப்போவது நான் இல்லையே.

நற்செய்தியில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. வரி வசூலிப்பவர்களும் படைவீரர்களும் திருமுழுக்கு யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். ஊரே வெறுத்த வேலைகள் அவை. வேலையை விடச் சொல்லவில்லை அவர். விதித்ததற்கு மேல் வாங்காதே, யாரையும் மிரட்டாதே, உன் ஊதியம் போதும் என்று இரு என்றார். ஆனால் அதே வேலையில் இருந்த மத்தேயு, இயேசு கூப்பிட்டதும் சுங்கச் சாவடியை விட்டு எழுந்து போய்விட்டார். உங்களை எது கூப்பிடுகிறது என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். அதுவரை வேறு வேலை தேடிக்கொண்டே இருங்கள், ஏனோதானோ என்று தேடாதீர்கள். இரட்டைக் கணக்கு எழுதச் சொன்ன அன்று பேனாவைக் கீழே வையுங்கள். அந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் எட்டு மாதம் தேடினார். இப்போது ஒரு இரும்புக் கடையில் இருக்கிறார். சம்பளம் மூவாயிரம் குறைவு. அதைப் பற்றி என்னிடம் புலம்பவும் செய்கிறார்.

வியாபாரத்தில் முழு நேர்மையாக இருக்க முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள்.

மாட்டிக்கொண்டேன். சரி, உண்மையையே சொல்கிறேன்.

எங்கள் மின்னணுத் தராசுக்கு வருடம் ஒரு முறை எடையளவுத் துறையின் முத்திரை வாங்க வேண்டும். நான் தவறாமல் வாங்குவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆனால் முந்திரி, திராட்சை, ஏலக்காய் கட்டும்போது தடித்த காகித உறையோடு சேர்த்து வைத்து எடை போடுவேன். உறை நாலு கிராம், ஐந்து கிராம் வரும். நூறு கிராம் முந்திரியில் ஐந்து கிராம் காகிதம். எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்று என் அப்பா காலத்திலிருந்து பழக்கம்.

ஒரு தவக்காலத்தில் மறைக்கல்வி வகுப்பில் நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் நடத்தினேன். பழைய மொழிபெயர்ப்பில் அந்த வரி அழகாக இருக்கும்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், கவரோட வெயிட் போட்டா அது கள்ளத்தராசா?" என்று கேட்டான். அவன் அம்மா என் கடையில்தான் வாங்குவார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன்.

தராசில் உறையை வைத்துப் பூஜ்யமாக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்த ஒரு நொடிதான் ஆகும். அந்த ஒரு நொடிக்கு நான் வந்துசேர மூன்று வாரம் ஆனது. நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவரான சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்றார். நான் யாருக்கு என்று திருப்பிக் கொடுப்பது? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைத்தான் கேட்டேன். ஏழைகளுக்குக் கொடுங்கள் என்றார். வின்சென்ட் தே பால் சபை மாதாமாதம் கொடுக்கும் அரிசிப் பைகளில் சிலவற்றை இப்போது என் பெயரைப் போடாமல் நான் கட்டித் தருகிறேன். இங்கே எழுதியதால் அதுவும் ரகசியமில்லாமல் போய்விட்டது.

கேள்விக்குப் பதில்: முழுதாக முடியுமா தெரியாது. பொத்தானை அழுத்த முடியும்.

மன்னிப்பு என்றால் கடனையும் தள்ளிவிட வேண்டுமா?

கத்தோலிக்கர் சொல்லும் பரலோக மந்திரத்தில் "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல" என்று வரும். லுத்தரன் சபை, சிஎஸ்ஐ உறவுகள் சொல்லும்போது "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்பார்கள். கடலூரில் ஒரு லுத்தரன் கல்யாணத்தில் இதைக் கேட்டதும் எனக்கு என் கடன் நோட்டு ஞாபகம் வந்து தூக்கிவாரிப்போட்டது. கத்தோலிக்க வாசகம் மளிகைக்காரனுக்குக் கொஞ்சம் சௌகரியம்.

வசதி இருந்தும் கொடுக்காதவரிடம் நான் கேட்பேன். மரியாதையாக, திரும்பத் திரும்ப. கடன் கேட்பது பாவம் இல்லை. ஆனால் கொடுக்கவே வழியில்லாதவர், நோட்டுக்குப் பயந்து தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, கிழித்ததை அவரிடம் சொல்லியும் விடுவேன். சொல்லாமல் கிழித்தால் அவர் சுற்றிக்கொண்டேதான் போவார். வருடத்துக்கு இரண்டு மூன்று பக்கம். அதற்கு மேல் கிழித்தால் என் வீட்டில் உலை வைக்க முடியாது.

பக்கத்து வீட்டில் சாமிக்குப் படைத்த பொங்கல் கொடுத்தால் வாங்கலாமா?

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் 8ஆம் அதிகாரமும் 10ஆம் அதிகாரமும் இதைப் பற்றித்தான். உணவில் தீட்டு இல்லை, ஆனால் உன் சுதந்திரம் இன்னொருவரின் மனச்சாட்சியை இடறச் செய்யக் கூடாது என்பது சாரம். நம் பங்கிலேயே வாங்குபவர்களும் உண்டு, வாங்காதவர்களும் உண்டு. நான் வாங்குவேன். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். வாங்கிவிட்டு அவர்கள் கண்ணெதிரே மாட்டுக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட அசிங்கம் கிடையாது. நாம் கொடுக்கும் கிறிஸ்துமஸ் கேக்கை அவர்கள் அப்படியா செய்கிறார்கள்?

பூசையில் பக்கத்தில் உட்காருகிறார்கள். கல்யாணம் என்றால் சாதி கேட்கிறார்கள். இது என்ன விசுவாசம்?

ஒரு கல்லூரி மாணவி கேட்டார். நியாயமான கோபம். இந்த வியாதி நம் ஊருக்குப் புதிதல்ல. 1745இல் இங்கே கோவிலுக்குள், தாழ்த்தப்பட்டவர்களைப் பிரிக்க ஒரு சுவர் இருந்ததையும் அவர்கள் அதை எதிர்த்ததையும் அக்காலப் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அதே 1745இல்தான் வடக்கன்குளத்தில் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர், மனைவி உள்ளவர், நம்மைப் போல இல்லறத்தில் இருந்தவர். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரோடு சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை. அவர் படத்தை வீட்டில் மாட்டிவிட்டு, அதன் கீழேயே உட்கார்ந்து "நம்ம ஆளுங்கதானே?" என்று வரன் விசாரிக்கிறோம்.

என்ன செய்வது என்று கேட்டீர்கள். கோவிலில் இருந்த சுவரை இடிக்க ஊர் கூடிப் போராட வேண்டியிருந்தது. வரன் பார்ப்பது உங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. அங்கே முதலில் வாயைத் திறக்கக்கூடியவர் நீங்கள்தான்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போனால்தான் பக்தியா?

இல்லை. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி, நம் ஊர் வழியாகக் கடலூர், சிதம்பரம் என்று நடந்து போகிறவர்களைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். மூன்றாம் நாள் பாதத்தில் கொப்புளம் வந்த பிறகு பக்கத்தில் நடப்பவரின் சாதியும் சம்பளமும் நினைவுக்கு வராது. அது ஒரு வரம். ஆனால் செப்டம்பர் 8 திருவிழா முடிந்து பஸ் ஏறும்போதே அது இறங்கிவிடுகிறது.

விசுவாசமே இல்லாததுபோல் தோன்றும் நாட்களில்?

திருப்பாடல் 88ஐப் படியுங்கள். மற்றப் புலம்பல் பாடல்கள் பலவும் கடைசியில் எப்படியோ நன்றியில் வந்து நிற்கும். இது இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் செபம் என்று தொகுத்து வைத்திருக்கிறார்கள். அன்னை தெரசா பல பத்தாண்டுகள் உள்ளே இருளோடு இருந்தார் என்பது அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 2007இல் கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தபோதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அத்தனை வருடமும் காலையில் எழுந்து வேலைக்குப் போனார்.

அம்மா இறந்த பிறகு எனக்கு ஏழு மாதம் ஒரு வார்த்தைகூட செபம் வரவில்லை. காலையில் புதுவைப் பேராலயமான சம்பா கோவிலில் பின் பெஞ்சில் போய் உட்காருவேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி சத்தமாகச் செபமாலை சொல்வார். அருள்நிறைந்த மரியே என்று அவர் ஆரம்பிப்பார். இரண்டாம் பாதியைச் சொல்ல ஆள் இல்லாமல் அவரே முடிப்பார். எத்தனையோ நாள் அதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு நாள் அவருக்கு இருமல் வந்து நின்றுபோனது. இரண்டாம் பாதியை நான் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த மணிக்குப் போய்விட்டார்.

உங்களிடம் நேரில் பேச எப்போது வரலாம்?

மதியம் மூன்றிலிருந்து நாலரை வரை கூட்டம் இருக்காது. நடுவில் பால் வண்டி வந்தால் மட்டும் எழுந்து போவேன்.